மூன்றாவது மாடிச் சத்தம்

ஆண்டு இறுதி விடுமுறைக்கு மாமனார் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்றாலே லிஃப்ட் மெக்கானிக் ஒரு வாரம் முன்பிருந்தே சாக்குத் தேட ஆரம்பித்துவிடுவான். அந்த வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. மாமனார் வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். மாமியார் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவருக்கு இரண்டே பெண்கள். மூத்தவள் மெக்கானிக்கின் மனைவி. தயக்கத்துக்குக் காரணம் இளையவளைக் கட்டியவன், அதாவது அவனுடைய சகலை.

சகலைக்கு வானொலியில் வேலை. காலை நிகழ்ச்சியில் இரண்டு மணி நேரம் பேசுவான். நகரத்தில் பாதிப் பேர் அவன் குரலைக் கேட்டுக்கொண்டே பல் தேய்ப்பார்கள். குடும்பத்தில் எல்லோரும் அவனை 'ரேடியோ' என்றே கூப்பிட்டார்கள். அவனோடு கடைக்குப் போனால் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்க அவர்தானே?" என்பார். பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மெக்கானிக்கை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மெக்கானிக் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறான். லிஃப்ட் ஓடுகிறவரைக்கும் அப்படி ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் அவன் ஞாபகம் வரும், அதுவும் திட்டுவதற்கு. இதெல்லாம் வேலையில் பழகிப்போன விஷயம். ஆனால் அவனுடைய ஒன்பது வயது மகளே வீட்டுக்குள் நுழைந்ததும், "சித்தப்பா எங்கே?" என்று ஓடும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று அரிக்கும். அதற்குப் பொறாமை என்று பெயர் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லிக்கொள்ளத்தான் வெட்கமாக இருந்தது.

இந்த முறை முதல் நாளே சூடு விழுந்தது.

மாமனார் வீடு ஆறு மாடிக் கட்டிடத்தில் ஐந்தாவது மாடி. பெட்டிகளோடு லிஃப்டில் ஏறும்போது மூன்றாவது மாடியைத் தாண்டுகையில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் அவன் காதில் விழுந்தது. மனைவிக்குக் கேட்கவில்லை, மகளுக்கும் கேட்கவில்லை. மெக்கானிக்குக்கு அந்த ஒரு சத்தமே போதும். ஒவ்வொரு மாடியிலும் வெளிக்கதவில் ஒரு பூட்டு இருக்கும். பூட்டில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். கடந்து போகிற லிஃப்ட் அதை உரசவே கூடாது. இங்கே உரசுகிறது. இன்றைக்கு உரசுகிறது, நாளைக்கோ மறுநாளோ தட்டும். தட்டினால் பூட்டு விலகும், விலகினால் லிஃப்ட் அந்த இடத்திலேயே அப்படியே நின்றுவிடும். கீழே விழாது, நிற்கும். சரி செய்யப் பத்து நிமிஷ வேலை.

சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தான். முழங்கால் ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் அவனைப் பார்த்ததும் முந்திக்கொண்டார்.

"லிஃப்ட்ல தானே வந்தீங்க மாப்பிள்ளை? போன மாசம் பூரா சண்டித்தனம் பண்ணிச்சு. நம்ம சின்ன மாப்பிள்ளை ஒரே ஒரு போன் போட்டார். குரலைக் கேட்டதுமே கம்பெனிக்காரன் ஓடி வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டான். இப்ப வெண்ணெய் மாதிரி ஓடுது."

ரேடியோ சங்கடமாகச் சிரித்தான். "அண்ணனைக் கேட்டிருக்கணும், மாமா. அவர் ஊர்லேர்ந்து வர்றதுக்கு நேரமாகுமேன்னுதான்..." என்று ஏதோ சமாதானம் சொன்னான். மெக்கானிக்கின் காதில் அது ஏறவில்லை. லிஃப்ட் என்றால் கூட இந்த வீட்டுக்கு ரேடியோதான் ஞாபகத்துக்கு வருகிறான். தொண்டைவரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டான். வெண்ணெய் மாதிரி ஓடுகிறதாமே, ஓடட்டும். ஒருநாள் நிற்கும். அன்றைக்குத் தெரியும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று.

அந்த நினைப்பில் ஒரு ருசி இருந்தது. அடுத்த இரண்டு நாளும் லிஃப்டில் போகும்போதெல்லாம் மூன்றாவது மாடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். 'டிக்' கொஞ்சம் கொஞ்சமாக 'டக்' ஆகிக்கொண்டிருந்தது. தன் மனைவியும் மகளும் இதில்தான் போய் வருகிறார்கள் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. நின்றாலும் ஆபத்தில்லை, நான்தான் இருக்கிறேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ரேடியோ மட்டும் லிஃப்டைத் தொடவே இல்லை. ஐந்து மாடியையும் படியிலேயே ஏறி இறங்கினான். உடம்பைக் கட்டாக வைத்துக்கொள்கிறானாம், அதிலும் நடிப்பு என்று மெக்கானிக் மனசுக்குள் கறுவினான்.

நான்காம் நாள் காலை மாமனார் வெயிலில் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மெக்கானிக் குளித்துக்கொண்டிருந்தான். "நான் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று ரேடியோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக, மகளும் கூடவே தொற்றிக்கொண்டாள். நாற்காலியைப் படியில் இறக்க முடியாது. மூன்று பேரும் லிஃப்டில் ஏறினார்கள்.

மெக்கானிக் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது கீழேயிருந்து யாரோ கதவில் இரும்பால் மோதுகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி மனைவி கதவருகே நின்று, "என்னங்க, லிஃப்ட் நின்னுடுச்சு. பாப்பா உள்ள இருக்கா" என்றாள்.

நான்கு நாளாக அவன் காத்திருந்த வார்த்தை அது.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினான். மூன்றாவது மாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வழக்கமான காவலாளி விடுமுறையில் போயிருந்தார். பதிலுக்கு வந்திருந்தவர் ஒரு கடப்பாரையைக் கதவு இடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். கதவைப் பிளந்தால் கீழே மூன்று மாடிப் பள்ளம், உள்ளே இருப்பவர்கள் வெளிச்சத்தைப் பார்த்ததும் குதிக்கப் பார்ப்பார்கள், அப்படிப் போன உயிர்களைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னான். காவலாளியின் முகம் வெளுத்தது. கம்பெனிக்குப் போன் செய்தார்களா என்று கேட்டான். செய்திருந்தார்கள். விடுமுறை நாள், ஆள் வர ஒன்றரை மணி நேரமாகுமாம்.

கதவில் காதை வைத்தான். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கும் இல்லை, மின்விசிறியும் இல்லை என்பது மாமனார் போட்ட சத்தத்திலிருந்து தெரிந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உள்கதவைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. மகள் அழுதாள்.

அப்போது ரேடியோவின் குரல் எழுந்தது, காலை நிகழ்ச்சியில் வருகிற அதே குரல்.

"வணக்கம் நேயர்களே. இன்னிக்கு நம்ம நிகழ்ச்சி ஒரு புது இடத்திலேர்ந்து வருது. விளக்கு வேண்டாம், காத்து வேண்டாம்னு சிக்கனமா கட்டின நிலையம் இது. நம்மோட ரெண்டு சிறப்பு விருந்தினர்கள் இருக்காங்க. ஐயா, நீங்க மொதல்ல உட்காருங்க. நின்னுக்கிட்டு பேட்டி கொடுத்தா நேயர்கள் மரியாதைக் குறைவுன்னு கடிதம் போடுவாங்க."

மகளின் அழுகை நடுவில் நின்றது. மாமனார் ஏதோ முணுமுணுத்தார். நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார். வெளியே நின்றவர்களில் ஒருவர், "பாருங்க, உள்ள மாட்டிக்கிட்டும் கிண்டல் பண்றாரு. கொடுத்து வெச்ச மனுஷன்" என்று சிரித்தார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கதவுகளில் காது வைத்தவன் அவன். அழுகிறவர்களைவிடப் பேசிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகமாகப் பயந்திருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ரேடியோவின் வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு இல்லை. காய்ந்த தொண்டையில் எச்சில் விழுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே இருப்பதும் கேட்டது. சகலை ஏன் ஐந்து மாடியையும் படியிலேயே ஏறினான் என்பது அந்த இடத்தில், அந்த நொடியில் மெக்கானிக்குக்குப் புரிந்தது.

"சகலை, நான்தான்" என்றான்.

நிகழ்ச்சி நின்றது. யாரோ கதவுப் பக்கமாகக் குனிந்து வருகிற சத்தம். பிறகு ரேடியோ பேசினான். குரல் வேறு மாதிரி இருந்தது, பக்கத்தில் இருக்கிற குழந்தைக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி.

"அண்ணே, பொய் சொல்லாம சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம். மேல போய் கையால சுத்தி ஏத்தணும்."

"இருபது நிமிஷம் என்னால முடியுமான்னு தெரியல. எனக்கு... மூடின இடம் ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே. ஸ்டூடியோன்னா கண்ணாடி இருக்கும், கதவு என் கையில இருக்கும். இங்க அது இல்ல."

"லிஃப்ட் விழாது. அது என் பொறுப்பு. ஆனா மாமா திரும்பவும் எழுந்து கதவை இழுத்தா நான் மேலேர்ந்து எதுவும் செய்ய முடியாது. அவரை உட்கார வெச்சிருக்க உங்களால மட்டும்தான் முடியும். பேசிட்டே இருங்க, சகலை."

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "நேயர்களே, ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு நிகழ்ச்சி தொடர்கிறது" என்றது குரல்.

காவலாளியிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு மெக்கானிக் மொட்டை மாடிக்கு ஓடினான். ரேடியோவின் மனைவியையும் கூட வரச் சொன்னான். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். தன் மனைவியை நாலாவது மாடிக் கதவருகே நிறுத்தி, யாரையும் கிட்ட விடாதே என்று சொல்லிவிட்டுப் போனான். மேலே இயந்திர அறை பூட்டியிருந்தது. சாவி, ஊருக்குப் போன காவலாளியின் இடுப்பில். நாலு அடியில் பூட்டு தெறித்தது.

முதலில் மின்சாரத்தை முழுக்க நிறுத்தினான். மச்சினியின் கையில் பிரேக்கின் நெம்புகோலைக் கொடுத்தான். அவன் 'விடு' என்றால் அழுத்திப் பிரேக்கைத் தளர்த்த வேண்டும், 'பிடி' என்றால் கையை எடுத்துவிட வேண்டும், வேறு எதையும் யோசிக்கக் கூடாது. அவள் தலையை ஆட்டினாள். "அவருக்கு மூடின இடம் ஆகாது மாமா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்" என்றாள். தெரியும் என்றான் அவன்.

"விடு." மோட்டாரின் கைச்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினான். கயிறு ஒரு சாண் நகர்ந்தது. "பிடி." பிரேக் கவ்வியது. "விடு." மறுபடி ஒரு சாண். வேகமாகச் சுற்றிவிடலாம் என்று கை பரபரத்தது. பரபரக்கிற கையை அடக்குவதுதான் இந்தத் தொழிலின் பாதி. ஈரத் தலையிலிருந்து தண்ணீரும் வியர்வையும் சேர்ந்து கண்ணில் இறங்கின. கயிறு இறங்குகிற துளை வழியாகக் கீழேயிருந்து ரேடியோவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. மாமனாரிடம் அவருடைய முதல் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். பேத்தி நடுவில் புகுந்து கேள்வி கேட்டாள். ஒருமுறை குரல் உடைந்தது, ஒரு வார்த்தையைப் பாதியில் விட்டது. மெக்கானிக்கின் கை சக்கரத்தில் உறைந்தது. பிறகு ரேடியோ இருமுகிற மாதிரி ஏதோ செய்து, விட்ட வார்த்தையை எடுத்துக்கொண்டு மேலே போனான். என்னால் இது முடிந்திருக்குமா என்று மெக்கானிக் தன்னைக் கேட்டுக்கொண்டான். முடிந்திருக்காது என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நாலாவது மாடிக்கான மஞ்சள் அடையாளம் கயிற்றில் நேராக வந்து நின்றது. "பிடி" என்றான்.

இயந்திர அறையில் மாட்டியிருந்த கதவுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடி நாலாவது மாடிக் கதவைத் திறந்தபோது முதலில் மகள் வந்தாள், அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாமனாரை நாற்காலியோடு இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். ரேடியோ கடைசியாக வந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மதியச் சாப்பாட்டுக்கு வீடு நிரம்பி வழிந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கின. மாமனார் அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா உங்க வேலை என்னன்னே தெரியாம இருந்துட்டேன், மாப்பிள்ளை. உங்க கையில இருக்கிறது பல உயிர்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஒருவர் ரேடியோவைப் பார்த்து, "அவர் மேல உயிரைக் கொடுத்து சுத்தினாரு, நீங்க உள்ள கதை அளந்துக்கிட்டு இருந்தீங்களாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோவும் கூடச் சேர்ந்து சிரித்தான். தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன அவன் கை நடுங்கியது. எடுக்காமல் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.

மெக்கானிக் அதைப் பார்த்தான். வருஷக் கணக்காக ஏங்கிய இடம் இது. எல்லாக் கண்ணும் தன் மேல். ஆனால் வாயில் வைத்த சோறு உள்ளே இறங்கவில்லை. யாரும் கேட்கப் போவதில்லை. சும்மா இருந்தால் இது இப்படியே நிலைத்துவிடும். அந்தச் சும்மா இருப்பதுதான் நாலு நாளாக அவன் செய்த காரியம்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றான்.

மூன்றாவது மாடிச் சத்தத்தை முதல் நாளே கேட்டதை, பத்து நிமிஷ வேலை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதைச் சொன்னான். ஏன் என்று மனைவி கேட்டாள். அவன் ரேடியோவைப் பார்த்தான். "இவர் மேல பொறாமை. லிஃப்ட் நின்னாத்தான் நீங்கள்லாம் என்னைப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "இன்னிக்கு நான் செஞ்சது என் தொழில். மேல வெளிச்சம் இருந்துச்சு, காத்து இருந்துச்சு. அந்த இருட்டுல மாமாவை எழுந்திருக்க விடாம, பாப்பாவை அழ விடாம இருபது நிமிஷம் காப்பாத்தினது இவர். இவர் பேச்சை நிறுத்தியிருந்தா என் வேலை ஒண்ணுக்கும் ஆகியிருக்காது. அந்த இடத்துல நான் இருந்திருந்தா கதவை உடைச்சிருப்பேன்."

ரேடியோவின் பயத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விருந்தாளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனைவி எழுந்து, "உள்ள இருந்தது நம்ம பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். மாமனார் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். ரேடியோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். வாசலைத் திறந்துகொண்டு படியில் இறங்கிப் போய்விட்டான்.

அன்றைக்கு யாரும் அவனோடு பேசவில்லை. மகள் மட்டும் இரண்டு தடவை அருகில் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கம்பெனி ஆட்கள் வந்தார்கள். மெக்கானிக் கூட நின்றான். பூட்டின் சக்கரம் பாதி தேய்ந்திருந்தது, புதுச் சக்கரம் வர இரண்டு நாளாகும் என்றார்கள். அதுவரை லிஃப்ட் ஓடாது. ஒவ்வொரு மாடிக் கதவிலும் பலகை மாட்டிக்கொண்டு வந்த மெக்கானிக் நாலாவது மாடியில் ரேடியோ படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"எனக்கு இன்னும் கோபம் போகல, அண்ணே" என்றான் ரேடியோ.

"போகக் கூடாது" என்றான் மெக்கானிக்.

"நீங்க கதவுக்கு வெளியே பேசினப்ப உங்களை நம்பினேன். உலகத்துல வேற யாரையும் அப்படி நம்பினதில்ல. அப்புறம் சாப்பாட்டுல இதைச் சொன்னீங்க. எதை எடுத்துக்கிறதுன்னு தெரியல."

மெக்கானிக் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான். பிறகு, லிஃப்டுக்குள் ஒரு வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி எடுத்தீர்களே, அது எப்படி என்று கேட்டான். ரேடியோ அவனை நிமிர்ந்து பார்த்தான். மேலே கேட்டதா என்றான். எல்லாம் கேட்டது என்றான் மெக்கானிக். "கை உதறுது, வாய் உதறல. எனக்கு எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருகணும்னு தெரியும். ஆனா இதை எப்படிப் பண்றீங்கன்னு சத்தியமா தெரியல, சகலை." முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. நல்ல வேலையைப் பார்த்தால் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் கேட்கிற மாதிரி கேட்டான். ரேடியோ, "எதிர்ல இருக்கிறவங்க முகத்தை மட்டும் பார்க்கணும். இருட்டுல முகம் தெரியல. அதனால பாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றான்.

இரண்டு பேரும் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மேலேயிருந்து மாமனாரின் சத்தம் கேட்டது. நேற்றுப் பார்க்காத வெயிலை இன்றைக்காவது பார்த்தாக வேண்டுமாம். லிஃப்ட் ஓடாது என்று மகள்கள் இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு மாப்பிள்ளை இருந்து என்ன பிரயோஜனம் என்றார் அவர்.

ரேடியோ முன்பக்கம் பிடித்தான், மெக்கானிக் பின்பக்கம். நாற்காலியும் அதன் மேல் மாமனாரும் வயிற்றை முட்டிக்கொண்டிருந்ததால் மெக்கானிக்குக்குக் கீழே படி தெரியவில்லை. முதல் படியில் கால் தடுமாறியது. மாமனார், என்னைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்.

"எனக்குப் படி தெரியல, சகலை. நீங்க சொல்லுங்க."

"வலது காலை வைங்க. இன்னும் ஒண்ணு. கொஞ்சம் அகலப் படி இது, பார்த்து" என்று ரேடியோ பின்னோக்கி இறங்கிக்கொண்டே சொன்னான். காலை நிகழ்ச்சிக் குரல் இல்லை அது, மூச்சு வாங்குகிற சாதாரண மனுஷக் குரல். மகள் முன்னால் ஓடி, "சித்தப்பா, வாசக்கதவு திறந்திருக்கு" என்று கத்தினாள். மெக்கானிக்கின் நெஞ்சில் பழைய அரிப்பு லேசாக எழுந்தது. எழட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த படிக்குக் காதைக் கொடுத்தான்.